ஏற்றமும் ஞானமும்: வேதநாயக சாஸ்திரியார் படைப்புகளில் அன்றாடத் தொழில் பெறும் சமயப் பொருள்

முன்னுரை

உழுதல், நீர் இறைத்தல், மாவு பிசைதல், வலை வீசுதல், வீடு பெருக்குதல் முதலிய அன்றாடச் செயல்களிலிருந்து சமய உண்மையைப் பெறுதல் கிறித்தவ மரபில் தொடக்கம் முதல் இருந்துவரும் போதனை முறையாகும். நற்செய்தி நூல்களின் உவமைகள் இதற்குச் சான்று. இம்முறை தமிழ் மண்ணிற்கு வந்தபோது பாலத்தீனத்து அன்றாடத்துடன் தமிழரின் அன்றாடமும் இணைய வேண்டியதாயிற்று. அந்த இணைப்பைப் பேரளவில் செய்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். ஏற்றக்காரன், தச்சன், குறத்தி, கும்மியடிக்கும் பெண்டிர் ஆகியோருக்கு உரிய பாடல் வடிவங்களைக் கிறித்தவப் பொருளுக்கு அவர் உரியவாக்கினார்.

இம்முயற்சி இதுவரை பெரும்பாலும் 'நாட்டார் வடிவங்களைச் சமயப் பரப்பலுக்குப் பயன்படுத்தல்' என்ற அளவிலேயே பாராட்டப்பட்டு வந்துள்ளது. தொழில் ஒன்று சமயப் பாடமாக மாறும்போது அத்தொழிலைச் செய்பவருக்கு அப்பாடத்தில் என்ன இடம் கிடைக்கிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. சாஸ்திரியாரின் இலக்கிய முறைக்கும் தஞ்சைத் திருச்சபையில் எழுந்த சாதிச் சிக்கலில் அவர் கொண்ட நிலைப்பாட்டிற்கும் உள்ள தொடர்பை இவ்வினாவின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலவரும் காலமும்

வேதநாயக சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் கிறித்தவத்தைத் தழுவியவர். தமிழ்ப் புலமை உடையவர். 1785இல் செர்மானிய மறைப்பணியாளர் சுவார்ட்சு சிறுவராகிய வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் பராமரிப்பில் கல்வி பெற்றவர். இவ்விருவரிடையே உண்டான பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. தரங்கம்பாடியில் இறையியலுடன் வானியல், புவியியல், உடற்கூறு முதலிய புதிய அறிவுத் துறைகளையும் கற்ற வேதநாயகர், 1794இல் தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 'சுவிசேட கவிராயர்' என்று சிறப்பிக்கப்பெற்றார். 1864இல் மறைந்தார்.

அவர் நூல்களை எழுதியதோடு நில்லாமல் அவற்றை அவைகளில் பாடியும் விளக்கியும் நிகழ்த்தினார். கதைகாலட்சேப முறையைக் கிறித்தவ அவைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவர் குறிப்பிடத்தக்கவர். ஆதலின் அவர் படைப்புகளை ஏட்டு இலக்கியமாக மட்டும் கொண்டு ஆராய்தல் பொருந்தாது. கேட்போர் முன்னரே அறிந்திருந்த மெட்டு, முன்னரே அறிந்திருந்த தொழில், முன்னரே அறிந்திருந்த நாடகப் பாத்திரம் ஆகியவற்றின் மீதுதான் அவருடைய போதனை நின்றது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை உணர்த்தல் என்னும் உவமை இலக்கணம் அவரிடம் நிகழ்த்துகலை நெறியாகவே ஆயிற்று எனலாம்.

'ஞான' என்னும் அடைமொழி

சாஸ்திரியார் நூல்களின் பெயர்களே அவருடைய முறையைப் புலப்படுத்துகின்றன. ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞானக் கும்மி, ஞான உலா, ஞான அந்தாதி என அமைந்த பெயர்களில் ஓர் இலக்கிய வகை அல்லது தொழிற்பெயர் பின்னும், 'ஞான' என்னும் அடைமொழி முன்னும் நிற்கின்றன. கேட்போர் பின்னொட்டைக் கேட்டு, 'இது நமக்குத் தெரிந்த பாட்டு' என நெருங்குவர். முன்னொட்டு அவர்களை, 'இது நீவிர் அறிந்த பொருளன்று' என வேறிடத்திற்கு அழைத்துச் செல்லும்.

இவ்வடைமொழியைச் சாஸ்திரியார் புதிதாகப் படைத்தார் அல்லர். சித்தர் மரபில் பாம்பாட்டுதலும் ஆனிரை மேய்த்தலும் உடல், உயிர், மனம் பற்றிய உண்மைகளுக்குக் குறியீடுகளாயின. இடைக்காடர் பாடல்களில் ஆயர் வாழ்வு முழுமையும் அகவாழ்வின் மொழியாகிறது. தக்கலைப் பீர்முகம்மது அப்பா ஞானப்புகழ்ச்சி, ஞானரத்தினக் குறவஞ்சி ஆகியவற்றை இயற்றி இசுலாமிய மெய்ஞ்ஞானத்திற்கு இவ்வழியைப் பயன்கொண்டார். எனவே 'ஞான' என்னும் அடைமொழி சைவர், சித்தர், இசுலாமியர், கிறித்தவர் ஆகியோர்க்குப் பொதுவான தமிழ்ச் சமய வழக்கு என்பது தெளிவு. அதனைக் கிறித்தவத்திற்கு இத்துணை விரிவாகவும் தொடர்ச்சியாகவும் பயன்படுத்தியதே சாஸ்திரியாரின் தனித்தன்மையாகும்.

அடைமொழி எல்லா வகைகளிலும் ஒரே அளவில் தொழிற்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது. நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகை, தீயொழுக்கத்தால் கால் இழந்த ஒருவன் தன் குற்றங்களைத் தானே எடுத்துரைத்து, இறையருளால் மீண்டும் கால் பெறும் கதையை இயல்பாகவே உடையது. பாவ அறிக்கை, மனமாற்றம், மீட்பு என்னும் கிறித்தவப் பொருள் அதில் எளிதிற் பொருந்துகிறது. இங்கு அடைமொழிக்கு வேலை குறைவு. ஏற்றப்பாட்டின் நிலை வேறு. அது கதையுடைய வகையன்று. உழைப்பின் தாளமே அதன் உயிர். அங்கு 'ஞான' என்னும் சொல் செய்ய வேண்டிய மாற்றம் பெரிது.

'திரு'வும் 'ஞான'வும்

அன்றாடச் செயலைச் சமயப் பொருளாக்கும் இன்னொரு வழி தமிழில் முன்னரே இருந்தது. திருவாசகத்தில் மகளிர் சுண்ணம் இடித்தல், பூக்கொய்தல், ஊசலாடுதல், அம்மானை ஆடுதல், சாழல் பேசுதல் ஆகியன பாடல் வடிவங்களாயின. அவை திருப்பொற்சுண்ணம், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல், திருவம்மானை, திருச்சாழல் எனப் பெயர் பெற்றன. தலைப்புகளிலுள்ள 'திரு' பின்னோர் சேர்த்ததாயினும் பாடல்களின் உள்ளமைப்பு அதற்கு இடந்தருகிறது.

திருப்பொற்சுண்ணத்தில் மகளிர் இடிப்பது உண்மையான சுண்ணம். இறைவனின் நீராட்டிற்காக அது இடிக்கப்படுகிறது. உலக்கை வேறொன்றைக் குறிக்கும் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை, இடித்தலே வழிபாடாகிறது. இடிக்கும் மகளிரும் பாட்டின் இறுதிவரை இடிப்போராகவே இருக்கின்றனர், ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கின்றனர். செயல் புனிதமடையும்போது செய்பவரும் உடன் புனிதமடைகின்றனர்.

'திரு'வின் வழியில் செயல் இறைவனுக்கு உரியதாகிறது. 'ஞான'வின் வழியில் செயல் இறையுண்மைக்குக் குறியாகிறது. முன்னதில் செயல் நிலைபெறுகிறது. பின்னதில் பொருள் விளங்கியவுடன் செயல் விலகிக்கொள்ள இடமுண்டு. இவ்வேறுபாடு உயர்வு தாழ்வு பற்றியதன்று. திருப்பொற்சுண்ணத்தின் உலகம் கோயிற் பணியின் உலகம். அங்குள்ள உழைப்பு முன்னரே இறைவனை நோக்கியது. சாஸ்திரியார் எடுத்துக்கொண்டது வயலின் உழைப்பு. கோயிலோடும் தேவாலயத்தோடும் தொடர்பில்லாத உழைப்பைச் சமயத்திற்குள் கொண்டுவரக் குறியீடு ஒன்றே எளிய வாயிலாக இருந்திருக்கலாம். எனினும் அவ்வாயிலின் வழி எவரெவர் உள்ளே வந்தனர், எவர் வெளியே நின்றனர் என்பதைக் காணுதல் திறனாய்வின் கடமையாகும்.

ஏற்றம்: தொழிலும் பாட்டும்

ஏற்றம் இறைத்தலின் முறையை அறிந்தால்தான் ஏற்றப்பாட்டின் அமைதி விளங்கும். கிணற்றருகே நாட்டிய காலின் மீது நீண்ட மரம் குறுக்கே பொருத்தப்பட்டிருக்கும். அதன் கிணற்றுப்பக்க முனையில் கழியும், கழியின் நுனியில் சாலும் தொங்கும். மேலே நிற்பவர் மரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். அவர் கிணற்றை நோக்கி நடக்க மரம் தாழ்ந்து சால் நீரில் அமிழும். பின்னோக்கி நடக்கச் சால் மேலெழும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்து வழிப்படுத்திச் சாலை வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒருவர் அடி தவறினால் மற்றவர் வேலை கெடும். மேலிருப்பவர் உயிருக்கும் ஊறு நேரலாம். இருவரையும் ஒன்றாகக் கட்டிவைப்பது பாட்டு.

பாட்டு அலுப்பை நீக்குவதோடு சால்களை எண்ணவும் பயன்பட்டது. இறைத்த சால்களின் எண்ணிக்கை பாட்டின் ஓட்டத்திலேயே பதிவாகும். கடவுள் வணக்கத்தில் தொடங்கி எண்ணிக்கையோடு வளர்ந்து செல்வது அதன் இயல்பு. ஏற்றக்காரர் ஒருவர் பாடிய அடியைக் கேட்ட கம்பர், அதன் நிறைவு எவ்வாறு அமையும் என அறியக் காத்திருந்தார் என வழங்கும் கதை, ஏற்றப்பாட்டின் கவித்துவத்தை நாட்டார் எவ்வளவு மதித்தனர் என்பதைக் காட்டுகிறது. கல்வியிற் பெரிய புலவரையே காக்கவைத்த பாட்டு உழைப்பாளியின் பாட்டு என்னும் பெருமிதம் அக்கதையில் உள்ளது.

இத்தகைய பாட்டைச் சாஸ்திரியார் ஞான ஏற்றப்பாட்டாக்கினார். கிறித்தவக் கருத்துகளுக்கு ஏற்றம் மிகப் பொருத்தமான உருவகமாகும். தாழ்ந்தால்தான் சால் நிரம்பும் என்பது பணிவைக் குறிக்கும். ஆழத்திலிருந்து நீர் மேலேறுதல் ஆன்மாவின் எழுச்சியாகும். மேலிருப்பவரும் கீழிருப்பவரும் ஒத்தியங்குதல் சபையின் ஒருமைப்பாட்டைக் குறிக்கும். எண்ணிக்கையோடு வளரும் பாட்டு, வேத வரலாற்றை முறையாக மனத்தில் இருத்துதற்கும் ஏற்றது. எழுத்தறியாதவரும் கேட்டு நினைவிற்கொள்ளத்தக்க வடிவம் இது. மறைக்கல்வி கற்பிப்பவர் என்ற நிலையில் சாஸ்திரியார் இதனைத் தேர்ந்தது நுண்ணிய அறிவின் விளைவாகும்.

ஆனால் பாடும் களம் மாறியதும் ஒன்று மாறுகிறது. ஏற்றக்காரரின் பாட்டில் தாளம் உடலிலிருந்து பிறக்கிறது. பாட்டின் நீளத்தை நீரின் தேவை முடிவுசெய்கிறது. அவையில் பாடப்படும் ஞான ஏற்றப்பாட்டில் தாளம் நினைவாக எஞ்சுகிறது. சால் வேதப்பொருளை முகக்கிறது. வயலிலும் தோட்டத்திலும் ஏற்றம் இறைத்தோருள் நிலமற்ற கூலியாட்கள் பலர். அவர்களின் கூலி, களைப்பு, அவர்கள் இறைத்த நீர் யாருடைய பயிருக்குப் பாய்ந்தது என்னும் செய்தி ஆகியன ஏற்றத்தின் குறியீட்டுப் பொருளுக்குத் தேவைப்படுவன அல்ல. குறியீடு தனக்கு வேண்டியதை மட்டும் தொழிலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

குறத்தியும் விசுவாசமும்

சாஸ்திரியாரின் புகழ்பெற்ற படைப்பான பெத்லகேம் குறவஞ்சியில் இம்முறை மேலும் விரிவடைகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியால் மக்கள் மனத்தில் நிலைபெற்ற இவ்வகை, தஞ்சை அரசவையிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. சரபோசியைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இயற்றினார். அச்சூழலில் சாஸ்திரியார் பெத்லகேம் நாதராகிய கிறித்துவைத் தலைவராகவும், திருச்சபையாகிய தேவமோகினியைத் தலைவியாகவும் அமைத்தார். குறி சொல்லும் ஞானசிங்கி விசுவாசத்தின் உருவாகிறாள். சிங்கனின் வேட்டைத் தொழில் ஆன்மாக்களை நற்செய்தியின்பால் ஈர்க்கும் போதகப் பணியாகிறது. மீனவர்களை அழைத்து மனிதரைப் பிடிப்போராக்கிய நற்செய்தி நிகழ்ச்சி இவ்வுருவகத்திற்குப் பின்புலமாகும்.

குறவஞ்சியில் தலைவனின் பெருமையும் குறத்தியின் மலைவளம், நாட்டுவளமும் விரிவாகப் பேசப்படுவது மரபு. சாஸ்திரியார் தாம் கற்ற புதிய வானியல், புவியியல் செய்திகளை இந்நூலிற் சேர்த்தார். கோள்களின் இயக்கமும் உலக நாடுகளும் படைத்தவனின் பெருமைக்குச் சான்றாயின. நாடெங்கும் திரிந்து பல இடங்களை அறிந்தவள் என்னும் குறத்தியின் வழக்கமான இயல்பு உலகளாவிய அறிவிற்கு இசைவாயிற்று. பாமர மகளாகிய குறத்தியைப் பாத்திரமாகக் கொண்ட வடிவம் அன்றைய மேலைக் கல்வியின் புதிய அறிவைத் தாங்கியது தமிழிலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

எனினும் மரபான குறவஞ்சியில் குறத்திக்கு இருந்த ஒன்று இங்குக் குறைந்தது. குற்றாலத்துச் சிங்கி தன் கணவனோடு பூசலிடுகிறாள். பெற்ற பரிசுகளைப் பற்றி எள்ளலோடு விடையிறுக்கிறாள். பசியும் ஆசையும் உடையவளாக இருக்கிறாள். விசுவாசம் என்னும் பண்பின் உருவாகிவிட்ட ஞானசிங்கியின் சொல் ஒவ்வொன்றும் அப்பண்பிற்குக் கட்டுப்பட்டது. உருவகப் பாத்திரம் தன் பெயருக்கு மாறாக நடக்க இயலாது. குறத்தி உயர்த்தப்படுகிறாள், அவ்வுயர்விலேயே அவள் குறத்தியாக இருத்தல் குறைகிறது.

உவமையும் உருவகமும்

நற்செய்தி உவமைகளுடன் ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். உவமையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி மறைபொருள் கூறும் முறை திருச்சபையில் நெடுங்காலம் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிகர் இம்முறையை மறுத்து, உவமை என்பது உறுப்புதோறும் குறியீடு உடையதன்று, ஒரு மையக் கருத்தை உணர்த்துவது என்று வாதிட்டார். சி.எச். டாட் 1935இல் வெளிவந்த தம் நூலில், உவமை அன்றாட வாழ்விலிருந்து பிறந்து கேட்போரைச் சிந்திக்கத் தூண்டுவது என விளக்கினார். இவ்வறிஞர்களின் கருத்துப்படி உவமையின் வலிமை அதன் அன்றாட உண்மையிலேயே உள்ளது. திராட்சைத் தோட்டத்தில் மாலையில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுக்கப்படும் உவமையில், காலை முதல் உழைத்தவரின் முறையீடு உண்மையான முறையீடாக இருந்தால்தான் கதை தைக்கும். கூலியும் வெயிலும் அங்கு நீக்கத்தக்க மேலுறை அல்ல.

தமிழ்ப் பொருளிலக்கணமும் இதற்கு இணையான தெளிவை உடையது. அகப்பாடலின் உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த ஏனைய கருப்பொருள்களே நிலைக்களன் என்பது தொல்காப்பியக் கோட்பாடு. உள்ளுறையில் வரும் எருமையும் நாரையும் தாமரையும் முதலில் தம் இயல்போடு அந்நிலத்தில் வாழ்கின்றன. அவற்றின் வாழ்வு முழுமையாக இருப்பதாலேயே மறைபொருள் வலுப்பெறுகிறது. தெய்வம் நேராக உள்ளே வந்தால் கருப்பொருள் தன் இயல்பில் நிற்க இயலாது என்பதைத் தொல்காப்பியர் கருதியிருக்கலாம். உள்ளுறையிலிருந்து விலகி வெளிப்படையான உருவகத்திற்குச் செல்லும்போது போதனைக்குத் தெளிவு கிடைக்கும். பொருளின் தன்னுரிமை குறையும். சாஸ்திரியார் போதகராதலின் தெளிவைத் தேர்ந்தார்.

தஞ்சைத் திருச்சபையும் சாதியும்

இலக்கிய முறை பற்றிய இவ்வாராய்ச்சிக்கு வரலாற்றுப் பக்கமும் உண்டு. தஞ்சைச் சபையில் சுவார்ட்சின் காலத்தில் வேளாளக் கிறித்தவரும் பறையர் குலக் கிறித்தவரும் ஒரே ஆலயத்தில், தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்து வழிபட்டனர். 1820களில் பொறுப்பேற்ற இளைய மறைப்பணியாளர்கள் இவ்வேறுபாட்டை நீக்க முற்பட்டனர். வேளாள மரபினரான சாஸ்திரியார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1820களின் இறுதியில் சாதியாசார சம்பாவினை முதலியவற்றை எழுதித் தம் தரப்பை முன்வைத்தார். மிஷன் பணியையும் இழந்தார். சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார்.

அவருடைய எதிர்ப்பு சாதியை மட்டும் பற்றியதன்று. பழக்கமான ஃபப்ரீசியுசு மொழிபெயர்ப்பை விடுத்து இரேனியுசின் புதிய திருத்தத்தைப் புகுத்துதல், நற்கருணையில் சாதி வேறுபாடின்றிக் கலக்குமாறு வற்புறுத்துதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தல் ஆகிய நான்கையும் அவரும் அவரைச் சார்ந்தோரும் கொடுமைகளாகக் கருதினர். இந்நான்கும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழரின் அன்றாடப் பண்பாட்டைக் கிறித்தவத்திற்குள் காக்கும் போராட்டத்தில் மலரும் இசையும் நியாயமான உரிமைகள். அதே பண்பாட்டின் பெயரால் தனி இருக்கையும் காக்கப்பட்டது. இசையைக் காத்த வாதமே இருக்கையையும் காத்தது.

சாதி என்பது உலகியல் ஆசாரம். விசுவாசம் அகத்தைச் சார்ந்தது. ஆசாரத்தை விடாமலே உண்மைக் கிறித்தவராக இருக்கலாம் என்பதே அத்தரப்பின் சாரம். இவ்வாதத்தின் அமைப்பும் 'ஞான' என்னும் அடைமொழியின் அமைப்பும் ஒன்றே என்பது இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்தாகும். இரண்டிலும் அகமும் புறமும் பிரிக்கப்படுகின்றன. அகத்திற்கு ஞானம் உரியதாகிறது. புறம் இருந்தபடியே விடப்படுகிறது. ஏற்றக்காரரின் பாட்டு அவைக்குள் வருகிறது. அவர் அமர வேண்டிய இடம் மாறவில்லை.

இதனால் சாஸ்திரியாரின் கலை பொய்யானது என்று முடிவுகட்டுதல் தகாது. சுவார்ட்சின் வழிகாட்டலில் பழகிய நடைமுறையையே அவர் மரபாக ஏற்றார். புதிய மறைப்பணியாளர்களின் சமத்துவப் போதனையில் தமிழ்ப் பண்பாட்டின் மீதான இகழ்ச்சியும் கலந்திருந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதியை அறவே உடனடியாகக் கைவிட வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். அதனை ஏற்காமல் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் விலகி நின்றனர். கட்டளையால் மாறாத ஒன்றைக் கலை மாற்றியிருக்கக்கூடும். அதற்குரிய கருவி தமிழ்க் கிறித்தவர் எவரையும்விடச் சாஸ்திரியாரின் கையில் இருந்தது. அது அவ்வழியிற் பயன்படவில்லை என்பதே வருந்தத்தக்கது.

செயலுக்கு மீளுதல்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்குறை வேறொரு படைப்பாளியால் உணரப்பட்டது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்டவர். நாட்டார் இசையையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்த அவர் 2005இல் மறைந்தார். அவருடைய இறையியலின் மையக் கருத்துகளுள் ஒன்று 'ஒரே உலை'. பேச்சு வழக்கில் 'ஒரு ஒலை' என்று அவர் வழங்கினார். ஒரே பானையில் சமைத்து அனைவரும் ஒன்றாக உண்ணுதல் நற்கருணையின் பொருளை விளக்குகிறது. அவ்வாறு உண்டாலன்றி அப்பொருள் நிறைவுறாது என்பது அவர் நிலைப்பாடு.

சாஸ்திரியாரும் அப்பாவும் ஒரே மூலத்திலிருந்து தொடங்குகின்றனர். இருவரும் நாட்டார் வடிவத்தை மதித்தனர். மேலைத் திருச்சபையின் இசை ஆதிக்கத்தை மறுத்தனர். ஆயினும் ஏற்றத்தைப் பாடிவிட்டு ஏற்றக்காரரைப் புறத்தே நிறுத்த இயலும்; உலையைப் பாடிவிட்டு உடன் உண்ணாதிருக்க இயலாது. அப்பாவு தேர்ந்த அன்றாடச் செயலே அத்தகைய பிரிவிற்கு இடந்தராதது. இங்கு செயல் மீண்டும் நிலைபெறுகிறது. திருப்பொற்சுண்ணத்தில் வழிபாடாக இருந்த செயல், இங்குச் சமூக உறவாகவும் விரிகிறது.

ஏற்றமும் மாடு பூட்டி இறைக்கும் கமலையும் வழக்கொழிந்து குழாயும் தொட்டியும் வந்துவிட்ட காலத்தில் இவ்வேறுபாடு பழங்கதையாகிவிட்டதா என வினவலாம். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் வழியில், பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், முதலமடைக்கு உட்பட்ட கோவிந்தாபுரம் தமிழ் வழங்கும் எல்லைப்புற ஊராகும். அங்குள்ள அம்பேத்கர் குடியிருப்பைச் சேர்ந்த சக்கிலியர் குடும்பங்கள், குடிநீர் எடுக்கும் இடத்திலும் தேநீர்க் கடையிலும் தம்மிடம் வேறுபாடு காட்டப்படுவதாக எழுப்பிய முறையீடு 2017இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. இது கிறித்தவச் சபை சார்ந்த சிக்கலன்று. எனினும் நீர் முகத்தலைச் சமயப் பாடமாக்கும் எவரும் காணாதிருக்க இயலாத அன்றாட அனுபவம் இதுவே. நீரின் குளிர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யார் கையால் முகக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டால் பாடம் பாதியிலேயே நின்றுவிடும்.

யோவான் நற்செய்தியில் சமாரியப் பெண்ணுடன் இயேசு கிணற்றடியில் நிகழ்த்தும் உரையாடல் இதற்கு வழிகாட்டுகிறது. வாழ்வளிக்கும் நீர் என்னும் உயர்ந்த உருவகம் அங்குத்தான் தோன்றுகிறது. ஆனால் உரையாடல் உருவகத்தில் தொடங்கவில்லை. யூதர் பழகாத இனத்துப் பெண்ணிடம், அவள் முகந்து தரும் நீரை அருந்தக் கேட்பதில் தொடங்குகிறது. அப்பெண் முதலில் வியப்பதும் அந்த வேண்டுகோளையே. விலக்கு மீறப்பட்ட பின்னரே உருவகம் பிறக்கிறது. அன்றாட அனுபவத்தில் விசுவாசப் பாடம் காணும் முறைக்கு இந்நிகழ்ச்சியே அளவுகோல் எனலாம்.

முடிவுரை

தமிழர் அன்றாடத் தொழில்களைச் சமயப் பொருளாக்கிய வழிகளுள் 'திரு' என்னும் வழி செயலையே வழிபாடாக்கியது. 'ஞான' என்னும் வழி செயலை உண்மைக்குக் குறியாக்கியது. வேதநாயக சாஸ்திரியார் பின்னதைக் கிறித்தவத்திற்கு முழுமையாகப் பயன்படுத்தினார். அதனால் ஏற்றம், தச்சு, குறி, கும்மி ஆகியன தமிழ்க் கிறித்தவ இலக்கியத்திற்குள் இடம்பெற்றன. அன்னியச் சமயம் எனக் கருதப்பட்ட ஒன்று தமிழ் மெட்டில் ஒலித்தது. இச்சாதனை பெரிது.

அகத்தையும் புறத்தையும் பிரித்த அதே முறை, தொழிலாளியின் பாட்டை ஏற்றுக்கொண்டு அவருடைய இருக்கையைத் தனியே வைக்கவும் இடந்தந்தது. சாஸ்திரியாரின் சாதி நிலைப்பாட்டை அவர் வாழ்வின் தனி நிகழ்ச்சியாக ஒதுக்கிவிட்டு இலக்கியத்தை மட்டும் பாராட்டுதலும், அந்நிலைப்பாட்டைக் காட்டி இலக்கியத்தைப் புறக்கணித்தலும் முழுமையான ஆய்வாகா. இரண்டிற்கும் பொதுவான சிந்தனை அமைப்பை அறிந்து வாசிக்கும்போதுதான் ஞான ஏற்றப்பாட்டின் பெருமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும். தாழ்ந்தால்தான் சால் நிரம்பும் என்பது ஏற்றம் தரும் பாடம். மேலே மிதிப்பவரும் கீழே கவிழ்ப்பவரும் ஒரே மரத்தால் கட்டுண்டவர் என்பதும் அதே ஏற்றம் தரும் பாடமே. முதற்பாடத்தைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் விரிவாகப் பாடியிருக்கிறது. இரண்டாவது இன்னும் பாடப்பட வேண்டியதாக உள்ளது.